மூன்றாம் படி வழுக்கும்

பெரிய டீச்சர் கொடுத்த தாளில் நான்கு கேள்விகள் இருந்தன. தண்ணீர் உண்டா, நிழல் உண்டா, கழிப்பறை உண்டா, வேறு ஆபத்து ஏதும் உண்டா. நான்காவது கேள்விக்குப் பதில் எழுத இரண்டு கோடு மட்டும் விட்டிருந்தார். இரண்டு கோட்டுக்குள் எப்படி அடக்குவது என்ற கவலை, தாளைக் கையில் வாங்கும்போதே எனக்குத் தொடங்கிவிட்டது.

விஷயம் இதுதான். என் மகள் தர்ஷினி அருப்புக்கோட்டையில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடம் எட்டோடு முடிந்துவிடும். அடுத்த வருடம் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்துவிடுவார்கள். அதற்குள் ஒரு நாளாவது எல்லாரும் சேர்ந்து வெளியே போகவேண்டும் என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். தூரத்துக்குப் போக இந்த வருடம் அனுமதி கிடைக்கவில்லை. “நம்ம ஊரச் சுத்தியே யாரும் பாக்காத எடமாப் பாப்போம், பிள்ளைக ஏதாச்சும் படிச்சுக்கிற மாதிரி” என்று பெரிய டீச்சர் முடிவு செய்தார். பெற்றோர் குழுவிலிருந்து ஒருவர் முதலில் போய்ப் பார்த்து, இடத்துக்கு ஒரு தாளாக நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று தாள் கொடுத்திருந்தார். “நீங்க சரின்னா போவோம். வேணாம்னா விட்ருவோம்” என்றார். மற்ற அம்மாக்கள் மில்லுக்கும் கடைக்கும் போகிறவர்கள். நான் வீட்டில் உட்கார்ந்து சேலைக்கு ஓரம் அடிக்கிறவள். அதனால் சும்மா இருக்கிறவள் என்று எல்லாருக்கும் நினைப்பு.

அன்று சாயங்காலம் தர்ஷினி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“வேற யாரையாச்சும் அனுப்பச் சொல்லும்மா.”

“ஏன்?”

“நீ போனா டூர் நடக்காது. கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்.”

அவர்களுக்குத் தெரிந்ததில் தப்பில்லை. ஆறாவதில் ஒரு தடவை, ஏழாவதில் ஒரு தடவை, டூருக்கு அவள் பெயரைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிற அன்று காலையில் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தவள் நான். என் வீட்டுக்காரர் தூத்துக்குடி ரோட்டில் லாரி ஓட்டுகிறார். அவர் அரை மணி நேரம் போனை எடுக்காவிட்டால் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் போய் நிற்பேன். நானும் எட்டாவதோடு நின்றவள்தான். அந்த வருடம் எங்கள் வகுப்பைத் துறைமுகம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, நான் வீட்டில் நின்றேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. என் வீட்டுக்காரர் வாரம் இரண்டு தடவை அந்தத் துறைமுகத்தில்தான் லோடு இறக்குகிறார். நான் இன்னும் ஒரு கப்பலைக்கூட நேரில் பார்த்ததில்லை.

முதல் நாள் பந்தல்குடிப் பக்கம் போனேன். சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட பழைய பள்ளம் ஒன்று இருக்கிறது, தண்ணீர் பச்சையாக நிற்கும், வெளிநாடு மாதிரி இருக்கும் என்று கணக்கு டீச்சர் சொல்லியிருந்தார். நான் இறங்க வேண்டிய இடத்தைக் கண்டக்டர் மறந்துவிட்டார். நினைவு வந்தபோது பஸ் வெகுதூரம் தாண்டியிருந்தது. “நீங்களாச்சும் ஞாபகப்படுத்தியிருக்கலாம்லக்கா” என்று என்மேலேயே குறைபட்டுக்கொண்டார். திரும்பி நடந்தேன். லாரிகள் போகும் ஒவ்வொரு முறையும் சேலை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வண்டி எண்ணைப் பார்த்தபடியே நடந்தேன். வீட்டுக்காரர் லாரியாக இருந்துவிட்டால் இந்த வெயிலில் இங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்பார்.

ரோட்டோரம் ஒரு வடைக்கடை. வழி கேட்டேன்.

“அந்தப் பள்ளத்துக்கு எதுக்குப் போறீக?”

“பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலாமான்னு பாக்க.”

கடைக்காரர் எண்ணெயில் வடையைத் திருப்பிப் போட்டபடி, பெஞ்சில் இருந்த டிரைவரிடம் சொன்னார்: “ஏலே, நம்ம பள்ளத்த டூருக்குப் பாக்க வந்திருக்காக.”

“அப்ப நானும் ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன். இம்புட்டு வருசமாத் தாண்டித்தான் போறேன்” என்றார் அந்த டிரைவர். ஆனால் எழுந்திருக்கவில்லை. வெங்காயம் தூக்கலாகப் போட்ட நல்ல வடை. இரண்டு சாப்பிட்டேன். எண்ணெய் எத்தனை நாள் எண்ணெயோ என்ற பயம் மூன்றாவதைச் சாப்பிட விடவில்லை.

பள்ளம் அழகாகத்தான் இருந்தது. மேலே ஓர் ஆள் உயரத்துக்குக் கரிசல் மண், அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, அதற்கும் கீழே வெள்ளைப் பாறை. இத்தனை வருடம் இந்த மண்ணில் நடக்கிறேன், அடியில் இவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. தர்ஷினி பார்த்தால் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஒரு கல்லை எடுத்துப் போட்டேன். தண்ணீரில் விழுந்த சத்தம் வருவதற்கே நேரமானது. ஆழம் தெரியவில்லை. சுற்றி வேலி இல்லை. ஓரத்து மண் என் கால் பட்டே உதிர்ந்தது. அங்கேயே உட்கார்ந்து இரண்டு கோட்டையும் நிரப்பினேன். இதில் என் பயம் ஒன்றும் அதிகமில்லை, யார் பார்த்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் தர்ஷினி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனது கஷ்டமாக இருந்தது.

இரண்டாம் நாள் திருச்சுழி. போகிற வழியில் பஸ் டயர் பஞ்சர். ஸ்டெப்னி டயரிலும் காற்று இல்லை என்று டிரைவர் கண்டுபிடித்துச் சொன்னபோது யாரும் கோபப்படவில்லை. எல்லாரும் இறங்கிச் சீமைக்கருவேல மரத்துக்கு ஒருவராக ஒதுங்கினார்கள். டவுனில் கரண்டு போனால் பத்து நிமிடத்தில் தெருவே வாசலுக்கு வந்து சத்தம் போடும். இவர்கள் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பெயர் பேச்சியம்மாள். தாலுகா ஆபீசில் ஏதோ சான்றிதழுக்கு நான்காவது தடவையாகப் போகிறாராம். என் தாளை வாங்கிப் பார்த்தார்.

“பிள்ளைகளுக்குக் காட்ட எடம் தேடுறியாத்தா? எங்க ஊரு ஊருணிய வந்து பாரு. சுத்துவட்டாரத்துல கெணத்துல உப்பு, போர்ல உப்பு. நாங்க இன்னும் அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறோம்.”

“மழைத்தண்ணியா?”

“பின்ன, வேற எங்க இருந்து வரும்?” என்று சிரித்தார்.

திருச்சுழியில் கோயில் பிள்ளைகளுக்குத் தெரிந்த இடம், வீட்டோடு வந்து மொட்டை போட்டவர்கள் பாதிப் பேர். ஆற்றில் மணல்தான் இருந்தது. ஊருக்கு வெளியே கரிமூட்டம் போடுகிறவர்களைப் பார்க்கப் போனேன். கருவேல விறகைக் குவித்து, வைக்கோலும் ஈர மண்ணும் பூசி, உள்ளே தீயை வைத்து நாள்கணக்கில் புகையவிடுகிறார்கள். மூட்டத்தை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிதானமாக விளக்கம் சொன்னார். வெள்ளைப் புகை வந்தால் ஈரம் போகிறது, நீலப் புகை வந்தால் கரி ஆகிவிட்டது, உடனே காற்று போகும் துளையை அடைக்க வேண்டும், தவறினால் எல்லாம் சாம்பல். இது பிள்ளைகள் பாடமாகவே படிக்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது.

“மேல ஏறினா என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

“கால் உள்ள போயிரும்” என்றார், வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோல.

நாற்பது பிள்ளைகளில் ஒன்றாவது ஏறும். அந்த ஒன்று யார் என்றுகூட எனக்குத் தெரியும். இரண்டாவது தாளும் நிரம்பியது. திரும்பும்போது உடம்பெல்லாம் புகை வாடை, தலைவலி. தர்ஷினி சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் தூங்குவதுபோலப் படுத்திருந்தாள்.

மூன்றாம் நாள் போகவேண்டாம் என்றுதான் நினைத்தேன். முடிக்க வேண்டிய சேலைகள் கிடந்தன. கால் வீங்கியிருந்தது. ஆனால் மீதி ஒரு தாள்தான் இருந்தது. அதையும் வெறுமனே கொடுத்தால் பிள்ளைகள் சொன்னது உண்மையாகிவிடும். பேச்சியம்மாள் ஊருக்குப் பஸ் ஏறினேன். ஊர்ப் பெயரை எழுதவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், தெரிந்தால் வேன் பிடித்துக் குளிக்க வந்துவிடுவார்களாம்.

ஊருணி நான் நினைத்ததைவிடப் பெரியது. நான்கு பக்கமும் கரை, ஒரு பக்கம் கல்படி, கரையில் ஆலமரம் ஒன்று, வேம்பு மூன்று. கார்த்திகை மழைக்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது. பால் கலந்த டீ போலத் தண்ணீர். ஆள் யாரும் இல்லை. நிழல் உண்டு, தண்ணீர் உண்டு என்று எழுதிவிட்டு நான்காவது கேள்விக்கு வந்தேன். ஆழம் எவ்வளவு? பந்தல்குடியில் கல்லைப் போட்டு ஏமாந்த ஞாபகம் இருந்தது. ஒரு பிள்ளை தவறி விழுந்தால் எந்தப் படி வரைக்கும் நிற்க முடியும் என்று பார்க்காமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது? மேல் படியில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். முதல் படி, இரண்டாவது படி. மூன்றாவதில் பாசி, கால் வழுக்கியது. கையை ஊன்றித் தப்பித்தேன். முழங்கால் வரை தண்ணீர்.

“ஏய், யாரது? காலை எடு.”

திரும்பிப் பார்த்தால் கரைமேல் பேச்சியம்மாள். கையில் ஆள் உயரக் கம்பு. அன்று ஊருணிக்காவல் அவர் முறை. கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போன கால்மணி நேரத்தில் நான் வந்து இறங்கியிருக்கிறேன்.

“ஒன்னய வந்து பாருன்னுதான சொன்னேன். கால் நனைக்கவா வரச் சொன்னேன்? குடிக்கிற தண்ணியில எறங்குவாகளா?”

“ஆழம் பாத்தேங்க்கா.”

“கேட்டாச் சொல்ல மாட்டமா? எந்த ஊருன்னு சொன்ன? அருப்புக்கோட்டையா? அதான். ஒங்களுக்குத் தண்ணி குழாயில வருது. குழாக்குள்ள காலு போகாது, அதனால ஒங்களுக்குத் தெரியல.”

சத்தம் கேட்டு நான்கைந்து பேர் வந்துவிட்டார்கள். நான் ஈரச் சேலையோடு நின்றேன். அந்த ஊருணியில் ஒருவர் காலும் படக்கூடாதாம். காய்ந்த படியில் குத்த வைத்து, குனிந்துதான் மொள்ள வேண்டும். வீட்டுக்கு ஒரு நாள் காவல். பொழுது சாய்ந்ததும் கம்பைக் கொண்டுபோய் அடுத்த வீட்டு வாசலில் சாத்திவிட்டு வந்துவிடுவார்கள். சொல்லக்கூட வேண்டாம், கம்பு நின்றால் மறுநாள் அந்த வீட்டு முறை. கால் வைத்தவருக்கும் ஒரு வழி இருந்தது. அபராதம் இல்லை. அந்த நேரத்திலிருந்து பொழுது சாயும்வரை அவர்தான் காவல்.

“பஸ் மூணு மணிக்கு” என்றேன்.

“போகட்டும்” என்று கம்பை என் கையில் கொடுத்தார் பேச்சியம்மாள். “நானே கூப்பிட்டு நானே தண்டம் போடுற மாதிரி ஆயிப்போச்சு. எனக்கு ஒரு தூக்கம் லாபம்.”

ஆலமரத்தடியில் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் எனக்குப் பொருத்தமான வேலையை யாராவது கொடுத்தார்கள் என்றால் அது இதுதான். பயத்தோடு ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது. ஆடுகள் வந்தன, விரட்டினேன். நாய் வந்தது, விரட்டினேன். இரண்டு பேர் பைக்கைக் கரையில் நிறுத்திக் கேனோடு தண்ணீருக்குள் இறங்கப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று கம்பைத் தூக்கினேன்.

“ஏலே, புது ஆளுடா” என்றான் ஒருவன்.

“கண்ணப் பாரு, அடிச்சிரும் போல” என்றான் மற்றவன். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது எனக்குக் கேட்டது.

பள்ளிக்கூடம் விட்டதும் சின்னப் பிள்ளைகள் குடத்தோடு வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளை படி இறங்கும்போதும் “பாத்து, பாத்து” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எட்டு வயது இருக்கும் ஒரு பெண்பிள்ளை, குடமும் மொள்ளுகிற பித்தளைச் செம்புமாகப் பாதிப் படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“எதப் பாக்கணும் அத்தை?”

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். பதின்மூன்று வருடமாகத் தர்ஷினியிடம் ஒரு நாளைக்கு நூறு தடவை பாத்து என்று சொல்கிறேன், எதை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு. பயம் இருந்தது, அது எதைப் பற்றி என்று கேட்டால் எல்லாவற்றையும் பற்றி.

அந்தப் பிள்ளை காத்துக்கொண்டு நின்றாள். யோசித்துப் பார்த்தேன். இந்த இடத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

“தண்ணிக்குள்ள மூணாவது படி வழுக்குது” என்றேன்.

“அது எங்களுக்குத் தெரியும். அதனாலதான் காஞ்ச படியில உக்காருவோம்” என்று சொல்லிவிட்டு, குத்த வைத்து மொண்டு, தலையில் துணிச்சுமாட்டைச் சரிசெய்து, குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எந்தப் பிள்ளை எந்தப் படியில் கால் வைக்கிறது, எந்தக் கல் ஆடுகிறது, ஆலமர வேர் எந்த இடத்தில் தடுக்குகிறது. தாளை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்தேன். இரண்டு கோடு முடிந்து தாளின் பின்பக்கம் போனது.

பொழுது சாய்ந்ததும் பேச்சியம்மாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். இருவருமாகக் கம்பைப் பக்கத்து வீட்டு வாசலில் சாத்தினோம். கழிப்பறை பற்றிக் கேட்டேன். “எங்க வீட்டுல ஒண்ணு, எதுத்த வீட்டுல ஒண்ணு. நாப்பது பிள்ளைகளும் ஒரே நேரத்துலயா கேக்கப் போகுது?” என்றார். அவர் வீட்டுக் குதிரைவாலிச் சோறும் பருப்புத் துவையலும் சாப்பிட்ட பிறகுதான் காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை என்பதே தெரிந்தது. கடைசிப் பஸ்ஸும் போயிருந்தது. கரி மூட்டை ஏற்றிய லோடு வண்டியில் டிரைவர் பக்கத்தில் ஏற்றிவிட்டார். “இவுக நம்ம ஊருணிக் காவல்காரி, பத்திரமா எறக்கி விடு” என்று சொன்னார்.

வீட்டு வாசலில் தர்ஷினி நின்றிருந்தாள். போன் சார்ஜ் இல்லாமல் போனதை அப்போதுதான் கவனித்தேன். சேலை, முகம், கை எல்லாம் கரி.

“எங்கம்மா போன? எத்தன தடவ போன் பண்ணேன் தெரியுமா? அப்பாவும் பண்றாக” என்றாள். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும், அது என் குரல். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “இதுவும் வேணாமா?”

தாளைக் கொடுத்தேன். முன்பக்கமும் பின்பக்கமும் படித்தாள். “இம்புட்டு ஆபத்தா?” என்று முகம் சுருங்கியது. கடைசியில் இருந்த கையெழுத்தைப் பார்த்த பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

பெரிய டீச்சரும் இரண்டு தடவை படித்தார். “ஆபத்துன்னு ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க, அப்புறம் சரின்னு கையெழுத்தும் போட்டிருக்கீங்களே” என்றார். “எது ஆபத்துன்னு தெரிஞ்சுபோச்சு டீச்சர், அதனாலதான் போட்டேன்” என்றேன். இரண்டு வேனிலும் சேர்த்து டீச்சர்கள் இருவருக்குத்தான் இடம், பெற்றோர் யாரும் வரவேண்டாம் என்றார். அது ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை போனார்கள். காலையில் அவள் வேனில் ஏறும்போது பாத்து என்று வாய்வரை வந்தது. “மூணாவது படி” என்றேன். “தெரியும்மா. டீச்சர் கிளாஸ்ல ஒன் தாளத்தான் வாசிச்சாக” என்றாள். பக்கத்துச் சீட்டுப் பிள்ளை, “ஆலமரத்து வேரு, ஆடுற கல்லு” என்று விரல் விட்டுச் சொன்னது. வேன் போய்விட்டது. அன்று முழுக்க நான் ஒரு சேலைகூட ஒழுங்காக அடிக்கவில்லை. அடித்ததையே பிரித்து அடித்தேன். திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

சாயங்காலம் திரும்பி வந்தாள். செருப்பு இரண்டும் காலில் இருந்தன. பாவாடை நனையவில்லை. பையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து மெஷின்மேல் வைத்தாள். தேத்தாங்கொட்டை தேய்த்துத் தெளியவைத்த ஊருணித் தண்ணீர்.

“பேச்சியம்மா அத்தை ஒனக்குக் குடுத்து விட்டாக. ஒங்கம்மா காலு பட்ட தண்ணியெல்லாம் நாங்க குடிச்சு முடிச்சிட்டோம், இது அதுக்கப்புறம் மழை பேஞ்ச தண்ணி, பயப்படாமக் குடிக்கச் சொல்லுன்னாக.”

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பாதியைக் கொதிக்க வைத்தேன். மீதியை அப்படியே குடித்தேன்.